கலப்படமில்லாத வலி மாத்திரை

மழைக்கு முன் காற்று திசை மாறினால் ஜீடிமெட்லா தொழிற்பேட்டைப் பக்கமிருந்து ஒரு வாசனை கிளம்பி வரும். அழுகிய வாழைப்பழத்தின் மேல் நகப்பூச்சைக் கொட்டியது போல, இனிப்பும் எரிச்சலுமாக. ஹைதராபாத்துக்குப் புதிதாக வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கோ கடைவாய் கூசும். அந்த வாசனையைச் சட்டையில் சுமந்துகொண்டு தினமும் வீடு திரும்பியவர் என் அத்தான், அக்காவின் புருஷன். அவர் சட்டைகளை மட்டும் அக்கா தனி வாளியில் நனைப்பாள். எந்த சோப்புக்கும் அது முழுதாகப் போனதில்லை. அங்கே ஒரு மருந்து ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. வலி மாத்திரைக்கான மூலப்பொடி அங்கே தயாராகி, டிரம் டிரம்மாக மாத்திரை அடிக்கும் கம்பெனிகளுக்குப் போகும். போவதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்து, சுத்தம் சரி என்று கையெழுத்துப் போடுவது அத்தான். வேதியியல் படித்துவிட்டுத் திருநெல்வேலியில் வேலை கிடைக்காமல் ரயிலேறி வந்தவருக்கு, அந்தக் கையெழுத்துதான் நெஞ்சு நிமிர்த்தக் கிடைத்த ஒரே காரணம்.

மாதாப்பூரில் எனக்கு வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது உறவென்று இருந்தது அவர்கள் வீடு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடப் போவேன். அப்படியொரு ஞாயிறில்தான் கவனித்தேன், அத்தான் அப்பளத்தை ரசத்தில் ஊறப்போட்டுத் துணிபோல ஆக்கி விழுங்கிக்கொண்டிருந்தார். நொறுங்கும் சத்தத்துக்காகவே அப்பளம் தின்கிற மனிதர். என்ன என்று கேட்டதற்கு இடப்பக்கக் கன்னத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சிரித்தார். "ஞானப்பல்லாம். நாப்பது தாண்டித்தான் நமக்கு ஞானம் வரணும்னு எழுதியிருக்கு போல." சிரிப்பு பாதி வாயில் நின்றுவிட்டது.

எங்கே காட்டுவது என்பதுதான் அதன்பின் எல்லா ஞாயிறுகளின் பேச்சும். தெருமுனையில் பால் பூத்துக்கு மேல்மாடியில் ஒரு தெலுங்குப் பெண் புதிதாகப் பல் மருத்துவமனை திறந்திருந்தாள். அங்கேதான் என்பாள் அக்கா. "செருப்புகூட மாட்ட வேண்டாம், கூப்பிடு தூரம்." மாதாப்பூரில் ஒரு பெரிய பல் கிளினிக் இருக்கிறது, வாருங்கள், தாடை முழுவதையும் ஒரே படமாக எடுத்துக் காட்டுகிறார்கள், என் ஆபீஸில் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள் என்பேன் நான். அத்தான் ஒவ்வொரு இடத்தையும் ஒவ்வொரு கேலியால் அடித்துச் சாய்ப்பார். தெருமுனை டாக்டர், "நேத்துப் பரீட்சை எழுதின பிள்ளை. அது படிச்சுப் பழக என் தாடைதான் கெடச்சுதா?" மாதாப்பூர், "வாசல்ல மீன்தொட்டி வச்சிருக்கவன் பல்லைப் பாப்பானா, மீனைப் பாப்பானா?" கம்பெனியின் காப்பீட்டு அட்டை செல்லுபடியாகும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அரைநாள் லீவு வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆலையைச் சோதிக்க ஆட்கள் வரப்போகிறார்கள், அதுவரை பரிசோதனைக் கூடத்தில் யாருக்கும் லீவு கிடையாது. "ஆடிட் முடியட்டும்." எல்லாம் தீர்ந்தபின் கடைசிச் சீட்டாக ஊர் வரும். "மே மாசம் பாளையங்கோட்டைல நம்ம டாக்டர்கிட்ட காட்டிக்கிடலாம். குடையுதா, கடுக்குதா, தெறிக்குதான்னு நம்ம பாஷையில சொன்னாத்தான வலிக்கே மரியாதை." இந்த ஊரிலேயே வளர்ந்த அத்தானின் மகள், இப்போதே போங்கள் என்று தெலுங்கில் கத்துவாள். இவர் தமிழில் சிரிப்பார்.

ஆனால் முடிவு ஏற்கெனவே ஆகிவிட்டது என்பது அவர் சட்டைப்பையைப் பார்த்தால் தெரியும். அதில் ஒரு மாத்திரை அட்டை எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். காபிக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, படுக்கப் போகையில் ஒன்று என்று உரித்துக்கொள்வார். சொந்தத் தோட்டத்து மாம்பழத்தை நீட்டுகிறவரைப்போல என்னிடம் அட்டையை நீட்டுவார். "எவன் லேபிள் ஒட்டினாலும் உள்ள இருக்கது நம்ம பொடி. கலப்படம் மருந்துக்குக்கூடக் கிடையாது." ஒருநாள் அக்கா பொறுக்காமல் கேட்டாள். "பிரஷர் மாத்திரை வேற போடுதீக. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகுமான்னு யார்கிட்டயாவது கேட்டா என்ன?"

"யார்கிட்டட்டி கேக்கணும்? கேக்க வேண்டிய எடத்துல நாந்தான உக்காந்திருக்கேன்."

அந்தப் பதிலை இன்று நினைத்தாலும் வாய் கசக்கிறது. சுத்தம் என்பது வேறு, பத்திரம் என்பது வேறு. அந்த வீட்டில் இரண்டும் ஒரே சொல்லாகப் புழங்கியது. கல் உப்பைப்போல, சர்க்கரையைப்போல, அவர் கையெழுத்துப் பட்ட பொடியும் அடுக்களைச் சாமானாகிவிட்டது. ஒருவேளை விஷத்துக்கும் அவர் அதே கையெழுத்தைப் போட்டிருப்பார், கலப்படமில்லாமல் இருந்திருந்தால்.

ஆடிட்டுக்கு முந்தைய வாரம் ஒரு காலையில் அக்கா அழுதபடி போன் செய்தாள். போய்ப் பார்த்தால் இடக்கன்னம் கொழுக்கட்டையாக வீங்கிப் பளபளத்தது. வாய் ஒரு விரல் நுழையுமளவுக்குத்தான் திறந்தது. மாதாப்பூரும் பெரிய ஆஸ்பத்திரியும் பாளையங்கோட்டையும் உதிர்ந்துபோய், கடைசியில் அந்தத் தெருமுனை மாடிப்படியில்தான் அத்தானைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். அந்தப் பெண் பல்லைப் பார்ப்பதற்கு முன் கேட்டது, என்ன மாத்திரை, எத்தனை காலமாக. திறக்காத வாயோடும் அவர் பெருமையாகத்தான் சொன்னார். அவள் முகம் மாறியது. குனிந்து, அவருடைய கால்சட்டையை மேலேற்றிக் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். பிசைந்த மாவில் பதிந்ததுபோலக் குழி அப்படியே நின்றது. சீழுக்கு ஊசி போட்டாள். ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் பல்லைத் தொட மாட்டேன், அந்த மாத்திரையால் சிறுநீரகம் அடிபட்டிருக்கலாம், இனி ஒன்றுகூடக் கூடாது என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். பல் வலிக்குப் போன இடத்தில் காலைப் பார்க்கிறாளே என்று அக்கா என் காதில் முணுமுணுத்தாள்.

முடிவுத் தாளை அத்தான் யாரையும் வாசிக்க விடவில்லை. வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட தாள்களைப் படித்தவர். ஒரு பக்கம் வந்த அளவு, மறுபக்கம் இருக்க வேண்டிய அளவு. சிறுநீரகத்துக்கான வரியில் விரலை வைத்து, மடித்து, என்னிடம் கொடுத்தார். "இந்த லாட்டு ஃபெயில். திருப்பி அனுப்ப வேண்டியதுதான்." சோதனையில் தேறாத சரக்கைத் தள்ளும் அந்த ஆலைப் பேச்சு அக்காவுக்குப் புரியவில்லை. புரியாமலேயே அழுதாள்.

பிறகு நடந்தது ஒரு மாவாட்டும் கல்லின் சுற்று. சிறுநீரகம் தேறட்டும், பல்லை எடுக்கலாம் என்றார்கள். பல்லில் சீழ் இருக்கும்வரை உடம்பு தேறாது என்றும் அவர்களே சொன்னார்கள். டயாலிசிஸ் தொடங்கி, நாள் பார்த்து, ஒருவழியாக அந்தப் பல்லைப் பிடுங்கியபோது யாருக்கும் அதில் அக்கறை இல்லாமல் போயிருந்தது. ஆடிட் நல்லபடியாக முடிந்ததென்று ஆலையிலிருந்து முந்திரி இனிப்பு ஒரு பெட்டி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் மேசையில் பிரிக்காமல் கிடந்தது. அவருக்கு உப்பும் தண்ணீரும்கூட அளந்துதான். இப்போது என் கைபேசிக்கு மாதாப்பூர்க்காரர்கள் புன்னகைச் சலுகை என்று வாரம் தவறாமல் செய்தி அனுப்புகிறார்கள். எந்த மருந்துக்கடையில் அட்டையைக் கிழித்துக் கொடுத்தாலும் அதன் பொடியை யார் சோதித்திருப்பார், அவர் வீட்டில் யாருக்கு என்ன வலி என்று மனசு ஓடுகிறது. எந்த டாக்டரிடம் போவது என்று நாங்கள் அத்தனை ஞாயிறு பேசினோம். போகாமலிருக்க அதைவிட நல்ல வழி வேறு இருந்திருக்காது.

அவர் பேசி நான் கடைசியாகக் கேட்டது ஒரு மதியம். ஆபீஸ் மீட்டிங் இருந்ததால் எழுந்தேன். அக்கா சாப்பாட்டுக் கூடையைக் கழுவ வெளியே போயிருந்தாள். கை முழுக்கக் குழாய்களோடு என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

"சின்னவளே, உங்க அக்கா முட்டுவலிக்கு என்ன போடுதா?"

"தைலந்தான் தேய்க்கிறா அத்தான்."

"பொய் சொல்லாத. அடுக்களைல மேல்தட்டுல, நான் வாங்கி வச்ச அட்டை கெடக்கு. போற வழியில வீட்டுக்குப் போயி, எல்லாத்தையும் எடுத்துத் தூரப் போட்டுரு."

"அக்கா கேட்டா?"

மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"டாக்டரம்மா சொன்னாங்கன்னு சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத."