ஆறை எட்டாக்கிய கேக்

ஓடிப்போனான் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடிப்போகிறவன் பட்டப்பகலில், இஸ்திரி போட்ட சட்டையோடு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்து, "சமையல்கட்டு குழாய் லேசா ஒழுகும் பெரியம்மா, புதுசா வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டா போவான்? மூன்றாம் மாடிக்காரி படிக்கட்டில் நின்று கதை கட்டுகிறாள். பெண்டாட்டி அனுப்பிய பணத்தையெல்லாம் பார்ட்டி வைத்தே அழித்தானாம். கடையில் கேக் திருடி மாட்டிக்கொண்டானாம். அவளுக்கு வாய்தான் நீளம், கண் அவ்வளவு தூரம் போகாது. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் நூறு என்பேன். எனக்குத் தெரியாதது அவளுக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது?

அவன் தெருமுனை பேக்கரியில் கேக்குக்கு மேல் க்ரீம் பிழிகிறவன். பிள்ளைகளுக்கு அவன் க்ரீம் மாமா. ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. விரல் மட்டும் பேசும். க்ரீம் பிழிகிற ஒரு தகரக் குழாய் முனையை வைத்துக்கொண்டு ரோஜா போடுவான், முயல் போடுவான், ரயில் விடுவான். வீட்டுக்கு வந்தால் சட்டையில் வெண்ணெயும் சர்க்கரையும் மணக்கும். எறும்பு அவன் வீட்டைத்தான் முதலில் தேடி வரும்.

மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவன் மனைவி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒரு வயதான தம்பதிக்குத் துணையாக இருந்து பார்த்துக்கொள்கிற வேலை. ஞாயிறு தவறாமல் போன் வரும். தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்து, அப்பனும் மகளும் தரையில் உட்கார்ந்து பேசுவார்கள். அவள் அனுப்பிய பணம் ஊரிலிருக்கும் அவள் அம்மாவின் மருந்துக்கும், வீட்டுக்கடனுக்கும் நேராகப் போய்விடும். இவன் அதில் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளை நாலு பேர் பிறந்தநாளுக்குப் போய்ச் சாப்பிட்டால், அந்தப் பிள்ளையும் ஒரு பிறந்தநாள் வைக்க வேண்டும். முதலில் அது சுலபமாகத்தான் இருந்தது. கீழே இருக்கிற பொது அறையில் பத்து பலூன், ஒரு கேக், ஆளுக்கொரு டம்ளர் ஜூஸ், கிளம்பும்போது கையில் ஒரு மிட்டாய். பிறகு இரண்டாம் மாடிக்கு ஷோரூம் அம்மா குடிவந்தாள். வீட்டுக்காரருக்குக் கார் ஷோரூமில் மேனேஜர் வேலை. அவள் மகளுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு வாசலில் காற்றடித்த கோட்டை ஒன்று நின்றது, பிள்ளைகள் ஏறிக் குதிக்க. மேஜிக்காரர் வந்தார். கிளம்பும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை. அதற்குள் தண்ணீர் பாட்டில், கலர் பென்சில், பொம்மை. அன்றைக்கு ஏறிய செலவு, இறங்கவே இல்லை. அடுத்தவள் இரண்டு மேஜிக்காரரைக் கூப்பிட்டாள். இன்று இந்தக் கட்டடத்தில் ஒரு பிறந்தநாள் என்றால் க்ரீம் மாமாவின் இரண்டு மாதச் சம்பளம்.

அதனால் அவன் மகள் குட்டியை யார் பிறந்தநாளுக்கும் அனுப்பாமல் இருந்தான். "லேசா காய்ச்சல்" என்பான். "நாளைக்குப் பரீட்சை" என்பான். ஆனால் கேக் அவன் கடையிலிருந்துதானே போக வேண்டும்? அவனே க்ரீம் போட்டு, அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுவான். குட்டி கீழ்ப்படியில் உட்கார்ந்து, அப்பா கேக்கோடு ஏறுவதையும் வெறுங்கையோடு இறங்குவதையும் பார்ப்பாள். மேலே பாட்டு ஆரம்பித்ததும் இவளும் சத்தம் வராமல் உதட்டை அசைப்பாள். நான் அவளை உள்ளே கூப்பிட்டு ஏதாவது கொடுப்பேன்.

"பசிக்கலை பாட்டி, இங்கயே உக்காந்திருக்கேன்" என்பாள்.

அவளுக்கு எட்டு வயது நெருங்கிய சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

"அஞ்சு வருஷமாச்சு" என்றாள் அவன் மனைவி. "நீங்களும் அவளும் மட்டும் நின்னு கேக் வெட்டுறதையே பாக்குறேன். இந்தத் தடவையாவது அவளைச் சுத்திப் புள்ளைங்க நிக்கிறத நான் பாக்கணும். இங்க வேற என்ன இருக்கு எனக்கு?"

"பாக்கலாம்" என்றான்.

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம். ரூம் நிறைய இருக்கும்."

நாலு மாதம் இரண்டு ஆள் வேலை பார்த்தான். பொது அறைக்கு முன்பணம் கட்டினான். பத்தொன்பது பைகளுக்குப் பென்சிலும் அழிரப்பரும் வாங்கி வந்தான். குட்டியோடு சேர்த்து இருபது. கேக்குக்கு மட்டும் மாவும் வெண்ணெயும் கடைக்காரரிடம் கேட்டு வைத்திருந்தான், சின்னதாக ஒன்று செய்துகொள்ள.

அப்போதுதான் அது நடந்தது. ஷோரூம் அம்மாவின் மகளுக்கு ஆறாவது பிறந்தநாள். கோட்டை மாதிரி ஒரு கேக் கேட்டிருந்தாள், நாலு கோபுரம், நடுவில் கதவு, ரோஸ் கலரில். இவன் செய்து கொண்டுபோனான். அவள் வாசலிலேயே பெட்டியைத் திறந்து பார்த்தாள். கையிலிருந்த போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நான் அனுப்புன போட்டோவுல இந்தக் கலரா இருக்கு? இது கண்ணைக் குத்துது. எடுத்துட்டுப் போங்க."

அந்தச் சின்னப் பெண் அம்மாவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்குப் பிடிச்சிருக்கும்மா" என்றதாம். கதவு மூடிவிட்டது. அவர்களுக்கு வேறு கடையிலிருந்து கேக் வந்தது. பேக்கரி முதலாளி விடுவாரா? "உன் கை செஞ்ச தப்பு" என்று அந்தக் கேக்கின் விலை முழுவதையும் இவன் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். இப்போது சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்கியதற்குப் பெயர் திருட்டா?

மூன்றாம் நாள் குட்டியின் பிறந்தநாள். அதுவரை கடைக் குளிர்பெட்டியில் வைத்திருந்துவிட்டு, காலையில் அந்தக் கோட்டைக் கேக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தான். நான் போய்ப் பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். முகப்பில் ஆறு என்று இருந்தது. குழாய் முனையால் மேலே ஒரு வளைவு போட்டு அதை எட்டாக்கிக்கொண்டிருந்தான். அப்படியொரு அழகு. ஆனாலும் சொன்னேன்.

"தம்பி, அந்தக் கோபுரத்தையாவது எடுத்துட்டு மேல நாலு பூ போட்டுடு. அவங்க பாத்த கேக்கு இது."

"அது நாலு மணி நேர வேலை பெரியம்மா."

"இருக்கட்டுமே. மானம் பெருசா, கோபுரம் பெருசா?"

அவன் கத்தியை எடுத்தான். கோபுரத்தின் பக்கத்தில் கொண்டுபோனான். பிறகு கத்தியைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டான். "இவ்வளவு நல்லா நான் செஞ்சதே இல்ல" என்றான். "அவளும் பாக்கட்டும். போன்ல நல்லாத் தெரியும்."

வேறொரு ஆளாக இருந்தால் இடித்திருப்பான். அவன் கையால் அது ஆகவில்லை.

சாயங்காலம் பிள்ளைகள் அம்மாக்களோடு வந்தார்கள். பத்தொன்பது பேரும் வந்தார்கள். குட்டி புதுக் கவுனில், சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு நின்றாள். மேஜையில் தண்ணீர்க் குடத்தில் போன் சாய்ந்திருந்தது. போனுக்குள் அவன் மனைவி தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அங்கே என்ன நேரமோ. மெழுகுவர்த்தி ஏற்றப் போகையில் ஷோரூம் அம்மாவின் மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள்.

"அம்மா, இங்க பாரேன், என் கேக்கு" என்றாள். பாவம், சந்தோஷமாகத்தான் சொன்னாள். "நீ வேணாம்னு சொன்னியே, அந்தக் கேக்கு."

தீக்குச்சி அவன் விரல்வரை எரிந்தது. ஷோரூம் அம்மா ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் இரண்டு கேட்டிருப்பேன். மகள் கையைப் பிடித்து, "வா, நாள்பட்டது, வயித்துக்கு ஒத்துக்காது" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவ்வளவுதான். மூன்றாம் மாடிக்காரி தன் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டாள். ஒருத்திக்கு அடுப்பில் பால் இருக்கிறதாம், ஒருத்திக்கு விருந்தாளியாம். போகிற போக்கில் பைகளை மட்டும் யாரும் மறக்கவில்லை.

"என்னங்க, எல்லாரும் எங்க போறாங்க?" என்றது போன்.

"வெளிய பலூன் வெடிக்கிறாங்களாம்" என்றான் அவன். "இப்ப வந்துடுவாங்க. நீ பாரு, குட்டி வெட்டட்டும்." போனை எடுத்துக் குட்டியின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான், பின்னால் இருக்கிற காலி நாற்காலிகள் தெரியாதபடி. நான் கை தட்டினேன். பத்தொன்பது பேருக்குச் சேர்த்துத் தட்ட வேண்டும் அல்லவா, உள்ளங்கை சிவந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை வியாதி. ஆனாலும் ஒரு கோபுரம் முழுக்கச் சாப்பிட்டேன். இன்றுவரை எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அறையைக் கூட்டும்போது குட்டி தன் பையை என் மடியில் வைத்தாள். "நீங்க மட்டும் வெறுங்கையோட போகக்கூடாது பாட்டி" என்றாள். பிறகு அப்பாவிடம், "அடுத்த வருஷம் வேணாம்பா" என்றாள்.

அவன் மனைவி ஏமாறவில்லை. பலூன் வெடிக்கிற சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லையே. அடுத்த ஞாயிறு, "புள்ளைய என்கிட்ட அனுப்பிடுங்க" என்றாள். குழந்தைக்கு அனுமதி சீக்கிரம் கிடைத்தது. கணவனுக்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகுமாம். அவன் சரி என்றான். குட்டியின் துணிகளை மடித்து, புதுக் கவுனை மேலே வைத்து, பெட்டியை மூடி, விமான நிலையம்வரை போய்விட்டு வந்தான். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. குழாய் ஒழுகுவது மட்டும் கேட்கும்.

அவளுக்கு ஒன்பது வயதானபோது அவன் கையகலத்தில் ஒரு கேக் செய்து குடத்தின் முன்னால் வைத்தான். அங்கே குட்டியைச் சுற்றி மூன்று பிள்ளைகள் நின்றார்கள். மூன்றே பேர்தான், ஆனால் ஒருவரும் நகரவில்லை.

"அப்பா, உங்க மெழுகுவர்த்திய நீங்க ஊதுங்க" என்றாள்.

ஊதினான். போன் அணைந்த பிறகும் அவன் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். 

பிறகு பயணக் கப்பல் ஒன்றின் சமையலறையில் ரொட்டியும் கேக்கும் செய்கிற வேலைக்கு விண்ணப்பித்தான். மனைவியும் மகளும் இருக்கிற ஊர்த் துறைமுகத்தில் அந்தக் கப்பல் வருடத்துக்கு இரண்டு தடவை நிற்கும். நின்றால் ஒரு பகல். அது போதும் என்றான். வேலை கிடைத்தது.

கிளம்ப வேண்டிய நாளும் ஷோரூம் அம்மா மகளின் எட்டாவது பிறந்தநாளும் ஒன்றாக வந்தது. அவன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். காலையில் கடைக்குப் போய், அவள் போனில் காட்டிய அதே கலரில் கேக் செய்து, அவனே மாடி ஏறினான். கீழ்ப்படியில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தது நான்தான்.

"இந்தத் தடவை கலர் சரியா வந்திருக்கு" என்றாள் அவள்.

"சரிங்கம்மா" என்றான்.

வெறுங்கையோடு இறங்கி வந்தான். வீட்டுக்குள் போய் ஒரு பெட்டியும், குழாய் முனைகள் போட்ட தகர டப்பாவும் எடுத்து வந்தான். சாவியை என் கையில் வைத்தான். ஒழுகுகிற குழாய் விஷயத்தைச் சொன்னான். மேலே பாட்டு ஆரம்பித்திருந்தது. அவன் அது முடிகிறவரை நிற்கவில்லை. தெருக்கதவைத் திறந்துகொண்டு, டப்பா கலகலவென்று ஆட, நடந்து போனான்.