முதலாளி வேலைக்குச் சேர்ந்தார்

தவராசாவின் சாப்பாட்டுக்கடையைத் தெரியாத தமிழர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் குறைவு. அகதியாக வந்து, ஹோட்டல்களில் கோப்பை கழுவி, பிறகு சொந்தமாகத் திறந்த கடை அது. திறந்த உற்சாகத்தில், ஒரு முகவரின் பேச்சைக் கேட்டுப் பொது மருத்துவக் காப்புறுதியை விட்டுத் தனியாருக்கு மாறியிருந்தார். அப்போது அது மலிவு. டாக்டர்மாரும் உடனே டெர்மின், அதாவது சந்திக்கும் நேரம், கொடுத்தார்கள். ஆனால் வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறியது. மனைவி கமலநாயகிக்கும் தனியாகக் கட்ட வேண்டியிருந்தது.

ஐம்பத்து நான்கு வயதில் முழங்கால் நோவு தொடங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. பொதுக் காப்புறுதி அலுவலகத்துக்குப் போய், திரும்பி வர வழி உண்டா என்று கேட்டார்.

"ஐம்பத்தைந்து ஆகிவிட்டால் அநேகமாக முடியாது. அதற்கு முன் நீங்கள் ஓரிடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் முடியும்" என்றார் அங்கிருந்த ஜெர்மன் பெண்.

"நான் கடையில் விடிந்தால் பொழுதுபட்டால் வேலைதானே செய்கிறேன்?"

"அது உங்கள் சொந்தத் தொழில். உங்களுக்குச் சம்பளம் தர ஒரு முதலாளி வேண்டும்."

நண்பர் கணேசலிங்கம் துப்புரவு நிறுவனம் நடத்துபவர். "என்ரை கொம்பனியில பேரைப் பதிஞ்சு விடுறன். நீங்கள் வேலைக்கு வரவே தேவையில்லை" என்றார்.

"பொய் சொல்லி எடுக்கிற காப்புறுதிக் கார்டோட டாக்டரிட்டைப் போக எனக்கு ஏலாது" என்று தவராசா மறுத்துவிட்டார்.

உண்மையான வேலை தேடினார். இந்த வயதில், இந்த முழங்காலோடு, யாரும் எடுக்கவில்லை.

கடையில் துஷானி நெடுங்காலமாகச் சமையல் செய்துவந்தாள். ஒருநாள் ரோல்ஸ் சுற்றிக்கொண்டே, "என்ன அண்ணை, முகம் வாடிக் கிடக்கு?" என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கையிலிருந்த ரோல்ஸைச் சுற்றி முடித்தாள். பிறகு, "கடையை எனக்கு வித்துப்போட்டு, என்னட்டை வேலைக்கு வாங்கோ" என்றாள்.

"பகிடி விடாதை, பிள்ளை."

"பகிடி இல்லை அண்ணை. சொந்தமா ஒரு கடை எடுக்க நானும் கனகாலமா யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். வேற ஆக்களின்ரை கடையை எடுக்கிறதுக்குப் பதிலா இதை எடுக்கிறன்."

அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை. தன் கடையிலேயே கூலிக்கு நிற்பதா? காலையில் கமலநாயகிதான் முடித்துவைத்தாள். "உங்களுக்குக் காப்புறுதி கிடைச்சால் எனக்கும் அதோடயே கிடைக்கும். பேர்ப்பலகையைப் பாத்துக்கொண்டிருந்தா முழங்கால் நோவு மாறுமே?"

ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு முன்பே கடை கைமாறியது. தவராசா சமையற்காரராகப் பதிவானார். இருவருக்கும் புதுக் கார்டு தபாலில் வந்தது.

முதல் வாரங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. வாடிக்கையாளர்கள் "முதலாளி" என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் துஷானியைக் கைகாட்டினார். அவள் திங்கட்கிழமைகளில் கடையைப் பூட்டினாள்.

"ஆக்கள் வந்து திரும்பிப் போகப்போகினம்!" என்று அவர் கத்தினார்.

"போகட்டும். செவ்வாய் வருவினம்" என்றாள் அவள்.

உண்மையாகவே வந்தார்கள்.

எலும்பு டாக்டரின் டெர்மின் இப்போது பல வாரம் தள்ளித்தான் கிடைத்தது. அதை அவர் பெரிதுபடுத்தவில்லை. காத்திருந்து போனார், டாக்டர் எழுதிக்கொடுத்த பயிற்சிகளுக்கு ஒழுங்காகப் போய்வந்தார். நோவு முழுதாகப் போகாவிட்டாலும், படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவது நின்றது.

கோடையில் துஷானி கண்டிப்பாகச் சொன்னாள்: "உங்களுக்கு லீவு கிடக்கு, எடுங்கோ. எடுக்காட்டி சட்டப்படி எனக்குத்தான் பிரச்சினை."

கடை திறந்த காலத்திலிருந்து அவர் லீவு எடுத்ததே இல்லை. கமலநாயகியோடு போடன் ஏரிக்குப் போனார். கரையில் இருந்து கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு பொறுக்காமல் கடைக்குப் போன் அடித்தார்.

"துஷானி, ரொட்டிக்கு மா குழைச்சாச்சோ?"

"லீவில நிக்கிற ஆக்கள் வேலைக்குப் போன் அடிக்கப்படாது, அண்ணை" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

தவராசா சிரித்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் காலை வைத்தார்.

"குளிருதோ?" என்று கேட்டாள் கமலநாயகி.

"சுகமாக் கிடக்கு. நீயும் இறங்கு."