நால்வர் வாசித்த கரடிப் பாதை

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும் ஷேர் ஜீப்பைத் தவறவிட்டு, காட்டு வழியே தனியாக நடந்தேன். அங்கே தனியாகப் போகிறவர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்கள். ஆள் சத்தம் கேட்டால் கரடி விலகிவிடும். எனக்கு நானே பேச வெட்கம். அந்த வாரம் வெளிவந்திருந்த ஜாஸ் ஆல்பத்தைக் கைப்பேசியில் சத்தமாக வைத்தேன். வாசிப்பவர்கள் நான்கு பேர். அக்கூஸ்டிக் கிட்டார் முன்னே போக, பியானோவும் பாஸும் டிரம்ஸும் அதைத் தொந்தரவு செய்யாமல் கூடவே வந்தன. வீணான ஒரு சுரம்கூடக் கிடையாது.

எதிரே புளி மூட்டையோடு வந்த பெண் நின்றார்.

"இன்னாங்க இது, நடுநடுவுல நின்னு போவுது? சத்தம் நின்னா ஆளு போய்ட்டாங்கன்னு கரடி வந்துடும்ங்க."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதன்பின் எனக்கு அந்த மௌனங்கள் மட்டுமே கேட்டன. வீட்டில் நான் சொக்கிப்போன இடங்கள்தான் அவை. ஐந்தாவது பாட்டில் கிட்டார் பாதியில் நிற்க, மற்ற மூவரும் காத்திருந்தார்கள். புதரில் சருகு நொறுங்கியது.

கைதட்டினேன். உள்ளங்கை எரிய, ஊர் தெரியும்வரை தட்டிக்கொண்டே ஓடினேன். எந்தக் கச்சேரியிலும் அப்படித் தட்டியதில்லை. அந்த வாசிப்புக்கு அது தகும். ஆனால் இன்றும் ஐந்தாவது பாட்டில் கிட்டார் நின்றால், எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறேன்.