மேகலாவின் தனி தம்ளர்

எனக்கு லேசில் குமட்டாது. தோல் பதனிடுகிற ஷாப்பு நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் பக்கத்து வீட்டு ஜான்சன் தன் பெண்டாட்டிக்கென்று ஒரு பிளாஸ்டிக் தம்ளரை ஒதுக்கி, அதைக் குளியலறை ஜன்னலில் வைத்திருந்ததைப் பார்த்த அன்று எனக்குக் குமட்டியது.

அவள் பெயர் மேகலா. ஆம்பூர் பக்கத்தில் எங்கள் தெருவில் பாதிப் பெண்களைப் போல அவளும் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். தோலையும் மெழுகு நூலையும் ஏஜென்ட் மூட்டையாகப் போட்டுவிட்டுப் போவார். ஒன்பது வருஷமாக இதே வேலை. நல்ல வாயாடி. அவள் சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும்.

போன தை மாதம் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. உதட்டுக்குள்ளும் நாக்கு ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாகப் புண். ரசம் பட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

உடனே தெருவே டாக்டராகிவிட்டது. சூடு என்றார்கள், மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் வந்தன. ஒருத்தி மாசிக்காயை உரைத்துப் புண்ணிலேயே தடவினாள். ஐயோ, மேகலா துடித்த துடிப்பு! பிறகு யாரோ அலர்ஜி என்றார்கள். கத்திரிக்காய் போனது, கருவாடு போனது, முட்டை போனது. மிஞ்சியது மோர்ச்சோறு. நானும்தான் சொன்னேன், மீனை நிறுத்து என்று.

ஜான்சனின் வைத்தியம்தான் அந்தத் தம்ளர். "ஒட்டிக்கினா இன்னா பண்றது? வூட்ல கொழந்த கீதுல்ல" என்றான். தட்டும் தனி. நாலு வயது மகள் அம்மா தட்டில் கை வைத்தால், கையிலேயே ஒரு அடி போடுவான்.

"அக்கா, எம்பொண்ணு எங்கிட்ட வரவே பயப்படுதுக்கா" என்று அவள் குழறியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே வேலூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சங்கீதா டார்ச் அடித்துப் பார்த்தார். வெற்றிலை, பாக்கு, புகையிலை உண்டா? இல்லை. பற்பசை மாற்றினாயா? இல்லை. "வாயில வேற என்னம்மா வைப்பீங்க?"

"சோத்தத் தவிர ஒண்ணும் வெக்கிறதில்லீங்க."

வெளியே உட்காரச் சொன்னார். சும்மா உட்காருவாளா இவள்? பையிலிருந்து தோலை எடுத்தாள். நூல் நுனியை உதட்டில் வைத்து நனைத்து முறுக்கி, ஊசியில் கோத்துத் தைத்து, பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த ஆளைக் கூப்பிட வந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது ஒரு நாளைக்கு எத்தனை தடவம்மா?"

மேகலா என்னைப் பார்த்தாள். அந்த வேலையைச் செய்கிற எவளும் அதை எண்ணியதில்லை.

எது ஆகவில்லை என்று கண்டுபிடிக்க முதுகில் வரிசையாக மருந்து ஒட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது. திரும்பிப் போனபோது ஓர் இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. நூலின் மெழுகில் கலக்கிற பிசின்தான் வருஷக்கணக்கில் பட்டுப்பட்டு அவளுக்கு ஆகாமல் போயிருந்தது. சூடுமில்லை, மீனுமில்லை, யாருக்கும் ஒட்டவும் ஒட்டாது என்றார் டாக்டர். கொப்பளிக்க ஒரு மருந்து, படுக்கும்முன் புண்ணில் பூச ஒரு களிம்பு. நூல் வாய்ப்பக்கமே போகக்கூடாது. சோற்றை எல்லாம் பிடுங்கிவிட்டு அந்தக் கருமத்தை மட்டும் அவள் வாயில் விட்டுவைத்திருந்தோம். தூ! என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூன்று வாரத்தில் புண் ஆறியது. மேகலா மீன்குழம்பு வைத்து என்னையும் கூப்பிட்டாள். மகளை மடியில் வைத்து ஊட்டினாள். கை கழுவி வந்து கத்திரிக்கோலும் கையுமாகத் தைக்க உட்கார்ந்தாள். ஜான்சன் சில்வர் தம்ளரில் டீயோடு வந்து நின்றான்.

"கத்திரிக்கோலால லேட்டாவுதே மேகலா. இப்பத்தான் ஆறிடுச்சே, பல்லால கடிச்சா இன்னா?"

அவள் நூலை நீட்டினாள். "நீ கடிச்சிக் குடு."

குனிந்தான். நூல் மூக்கருகே வந்ததும் முகம் கோணியது. "சீ! இன்னா நாத்தம்! இதப் போயி வாய்ல வெப்பாங்களா?"

மேகலா எழுந்தாள். குளியலறை ஜன்னலில் இருந்த பிளாஸ்டிக் தம்ளரை எடுத்து வந்து, அவன் டீயை அதில் ஊற்றி, அவன் கையிலேயே கொடுத்தாள்.