கருவாட்டு மணம்

பியர்பொன்ட்ஸ் என்ற உணவகத்தில் மாதம் ஒருமுறை நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு வைன் போத்தல் கொண்டுவந்து, குடித்தபடி அதன் மணத்தைப் பற்றி அளந்துகொண்டிருப்போம். எங்களில் மூத்தவர் கிளாசைச் சுழற்றி, மூக்கருகே பிடித்து, எல்லோரும் சொன்ன பிறகு எங்கள் சொற்களையே திருப்பிச் சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் என் போத்தலை ஊற்றிவிட்டு, அவரை மடக்க வேண்டுமென்றே கேட்டேன்: "இதில கருவாட்டு மணம் வருது, என்ன அண்ணை?"

"ஓம், மெல்லிசா வருது," என்றார்.

எல்லோரும் வெடித்துச் சிரித்தோம்.

"காய்ச்சல் வந்த நாள் தொட்டு எனக்கு மணம் தெரியிறேல்லை, தம்பி. நீங்கள் கதைக்கிறதைக் கேட்கத்தான் வாறன்," என்றார் அவர்.

அடுத்த மாதமும் வந்தார். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இது என்ன மணம், தம்பி?" என்றார்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"நெத்தலிக் கருவாடு," என்றேன்.

மறுபடியும் சிரிப்பு. அவர் தலையாட்டிவிட்டுக் குடித்தார். ஏன் என்னிடமே கேட்டார் என்பது இன்றுவரை விளங்கவில்லை.