சாம்பிராணிப் புகையில் என் குழந்தை

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் தீயணைப்பு வீரர். தண்ணீர் பாயும் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுகிற ஆள்.

அந்த வருடம் ஒரு பிளாஸ்டிக் குடோன் எரிந்தது. இரண்டு பேரைத் தூக்கி வந்தவரால் மூன்றாவது ஆளை நெருங்க முடியவில்லை. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் கறுப்பாகச் சளி துப்பினார். தோளைத் தூக்க முடியவில்லை. சளிக்கு டாக்டர் மருந்து கொடுத்தார், தோளுக்கு நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஆனால் டியூட்டி முடிந்து பகலில் தூங்கும்போது, "ஒளகே யாராத்ரூ இதாரா?" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு எழுந்து உட்காருவார். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறாராம். நான் ஸ்டவ் பற்றவைத்தால் வாசலுக்குப் போய்விடுவார். சூடு கண்ட பூனை என்று கேலிகூடச் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, முடி காயச் சாம்பிராணி போட்டேன். வாராவாரம் போடுவதுதான். அன்று தேங்காய் நார் ஈரமாக இருந்ததால் வீடு முழுக்கப் புகை. மகளைப் பாயில் கிடத்திவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனேன். அந்த நேரம் பார்த்து அவர் டியூட்டியிலிருந்து வந்தார்.

வாசலிலேயே குப்புற விழுந்தார் என்று நினைத்தேன். விழவில்லை, தவழ்ந்து வந்தார். புகைக்குள் அப்படித்தான் போகவேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி. "என்னங்க, சாம்பிராணிதாங்க" என்றேன். காதில் ஏறவில்லை. குளிப்பாட்டிய வாளித் தண்ணீரில் துண்டை முக்கிக் குழந்தையின் முகத்தைச் சுற்றினார். மார்போடு இறுக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டுச் சுவரோரம் குந்திவிட்டார்.

துண்டுக்குள் குழந்தை அழுவது கேட்டது. அப்புறம் அந்தச் சத்தம் குறைந்தது. ஈரத்துணியில் மூச்சு முட்டுகிறது என்று புரிந்தது. நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் சேர்ந்து இழுத்தோம். ம்ஹூம். இழுக்க இழுக்க அவர் பிடி இறுகியது. உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பிடித்த கை, எப்படி விடும்? என்னைப் பார்த்தார், நான் யாரென்று தெரியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒளகே யாராத்ரூ இதாரா?" என்றார்.

எப்படித்தான் தோன்றியதோ, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து கன்னடத்திலேயே பதில் சொன்னேன்.

"யாரூ இல்லா. எல்ரூ ஹொரகே பந்த்ரு."

யாரும் இல்லை, எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றேன். அவர் விரல்கள் தளர்ந்தன. துண்டை உருவினேன். குழந்தை ஒரு மூச்சை இழுத்து வீறிட்டாள். அதைக் கேட்டு அவரும் அழுதார்.

பேய் பிடித்திருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். விஷயம் கேள்விப்பட்டு, அவருடைய தீயணைப்பு வண்டியின் டிரைவர் வந்தார். "ஸ்டேஷன்ல மணி அடிச்சா எனக்கும் கை நடுங்குதுக்கா. சொன்னா சிரிப்பாங்கன்னு வாயே தொறக்கல. வாங்க, டாக்டர் கிட்ட சேர்ந்தே போலாம்" என்றார். மனநல மருத்துவரிடம் மூன்று பேருமாகப் போனோம். தேற நெடுநாள் ஆனது.

அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாண வயது. இன்றும் சாம்பிராணி போடுமுன் அவருக்குக் குரல் கொடுத்துவிடுவேன். எப்போதாவது தூக்கத்தில் அவர் அதே கேள்வியைக் கேட்கும்போது, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வந்துவிட்டார்கள் என்கிறேன். அந்த மூன்றாவது ஆள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.