இருபத்துமூன்று பேர் என்று போட்டிருக்கிறார்கள்

வேரோனிக்கா அக்கா பதினொரு வருடம் சைப்பிரஸில், கட்டோவுனி என்ற மலைக்கிராமத்தில் இருந்தவர். மட்டக்களப்பிலிருந்து வீட்டு வேலைக்குப் போய், ஒரு கிழவியைப் பார்க்கத் தொடங்கி, கடைசியில் ஊரையே பார்த்தார். இளையவர்கள் பட்டணத்துக்கும் கனடாவுக்கும் போய்விட்ட ஊர். மருந்து எடுத்துக் கொடுப்பதும் தேவாலய மணி அடிப்பதும் இவர்தான். செத்தவர்களில் ஒன்பது பேரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிப் பெட்டியில் வைத்ததும் இவர்தான். பிறகு மகள் ஸ்பொன்சர் செய்து ஸ்காபரோ வந்தார்.

போன ஞாயிறு, அந்த ஊர்க்காரர்களின் ரொறன்ரோ சங்கம் ஊர் வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டது. பக்கத்து வீட்டுக்காரியான நான்தான் அக்காவைக் காரில் கூட்டிப்போனேன். புதுச்சேலை கட்டியிருந்தார்.

புத்தகத்தில் எல்லாம் இருந்தது. தேவாலயம் கட்டிய ஆண்டு, துருக்கிக் குடும்பங்கள் வெளியேறிய ஆண்டு, குழாய்த் தண்ணீர் வந்த ஆண்டு. கடைசியில் மக்கள்தொகை. 1946இல் 312 பேர். அக்கா அங்கிருந்த 2012இல் 23 பேர், இரண்டு கழுதைகள்.

அக்கா ஒவ்வொரு பெயராகச் சொல்லி விரல்விட்டு எண்ணினார். சரியாக இருபத்துமூன்று, அவரைச் சேர்க்காமல்.

"கழுதையைக்கூட எண்ணியிருக்கினம். நான் ஒரு ஆளில்லையே, தங்கச்சி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோடைக்கு இரண்டு கிழமை போய் வருகிறவர்கள் எல்லாம் முன்னுரையில் ஊர் மக்களாம்! செயலாளர் ஸ்டெலியோஸிடம் போய்க் கேட்டேன். "அவர் வேலைக்கு வந்தவர்தானே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அறையலாம் போலிருந்தது.

அதே மனிதர் அடுத்த நிமிடம் பேனாவை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். புத்தகத்திலிருந்த திருவிழாப் படம் ஒன்றில் இருபத்துமூன்று பேரும் இருந்தார்கள். படமெடுத்தவர் அக்கா. கீழே ஐந்து பெயர்கள்தான் இருந்தன. மற்றவர்களை இங்கே ஒருவருக்கும் தெரியாது; அவர்களில் பலர் இப்போது உயிரோடும் இல்லை. அடுத்த பதிப்புக்கு அக்கா சொல்ல வேண்டுமாம்.

அக்கா அவரோடு கிரேக்கத்தில் பேசினார். பேசியதை எனக்குத் தமிழிலும் சொன்னார்.

"முதல் உந்த இருபத்துமூண்டை வெட்டிப்போட்டு இருபத்துநாலு எண்டு எழுதட்டும். பிறகு சொல்லுறன்."

கொமிற்றியைக் கேட்டுத்தான் மாற்றலாம் என்றார் ஸ்டெலியோஸ்.

அக்கா புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப செத்தவையின்ர பேரையும் கொமிற்றியிட்டையே கேக்கட்டும்."